பணம் கட்டினால் பாட்டைக் கேட்பார்கள்; வாய்ப்பும் தருவார்களா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வியாசர்பாடியில் வீட்டிலேயே கானாவும் ராப்பும் கலந்து நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள். 3,500 ரூபாய் கட்டினால் பிரபல இசையமைப்பாளர் ஒருவரின் குழுவில் இருப்பவர் பத்து நிமிடம் ஒதுக்கிப் பாட்டைக் கேட்டுக் கருத்துச் சொல்வார் என்று ஒரு தளம் விளம்பரம் செய்கிறது. ஆளுக்கு 2 யூரோ வாங்கிக்கொண்டு பாட்டுப் பட்டியல்களைத் தொகுத்து வெளியிடும் வெளிநாட்டுப் பிளேலிஸ்ட்காரர்களிடம் பாட்டை அனுப்பிவைக்கும் தளங்களும் உங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. மாலை நேர டெலிவரி வேலையில் சேர்த்த பணம் என்பதால், இவை ஏமாற்றுத் தளங்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் 'யாராவது ஒரு பெரிய ஆள் கேட்டுவிட்டால் போதும்' என்று கடைசி வரியில் எழுதியிருப்பதைப் பார்த்தால், பணம் கொடுத்து வாய்ப்பை வாங்க முடியுமா என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். கருத்தை வாங்கலாம், வாய்ப்பை வாங்க முடியாது. அந்தக் கருத்தும்கூட, நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பது உங்களுக்கே தெளிவாக இருந்தால்தான் கொடுத்த காசுக்குத் தகும்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் உதவியாளராகத் தொடங்கி, இப்போது பெரம்பூரில், பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து தரும் சிறிய மிக்ஸிங் ஸ்டுடியோ ஒன்றை நடத்திவருகிறேன். நீங்கள் சொல்லும் வகையைச் சேர்ந்த ஒரு தளத்தில், காசு வாங்கிக்கொண்டு பாட்டுக் கேட்பவர்களின் பட்டியலில் சில காலம் என் பெயரும் இருந்தது. ஆகவே ஒலி எப்படி இருக்கிறது என்பதையும், அந்தத் தளங்கள் உள்ளே எப்படி இயங்குகின்றன என்பதையும் உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு பாட்டு ஓடுமா ஓடாதா என்று கேட்டால், என் கணிப்புக்கு எங்கள் தெரு டீக்கடைக்காரரின் கணிப்பைவிட மதிப்பு அதிகம் கிடையாது. நடிப்பு, ஓவியம், திரைக்கதை ஆகிய துறைகளிலும் இதே போன்ற சேவைகள் உள்ளன. அவை என் தொழில் அல்ல என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

இந்த வணிகம் நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவில் மைக்கேல் லாஸ்கோ என்பவர் 1992இல் தொடங்கிய டாக்ஸி என்ற நிறுவனம், ஆண்டுச் சந்தாவும் ஒவ்வொரு பாட்டுக்கும் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, இசை நிறுவனங்களும் திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களும் தேடும் வகையான பாட்டுகளைப் பொறுக்கி அனுப்பிவைக்கும் வேலையைச் செய்துவருகிறது. 2015இல் வந்த சப்மிட்ஹப், இசை வலைப்பதிவு நடத்திக்கொண்டிருந்த ஒருவர், தமக்கு வந்து குவியும் மின்னஞ்சல்களைச் சமாளிக்க முடியாமல் உருவாக்கியது. பாரிஸில் தொடங்கிய குரூவர் 2018 முதல் இயங்குகிறது; நீங்கள் குறிப்பிட்ட 2 யூரோ கணக்கு அவர்களுடையதுதான் என்று நினைக்கிறேன். இவை மூன்றும் வெளிப்படையாக இயங்கும் நிறுவனங்கள். காசை வாங்கிக்கொண்டு மறைந்துபோகிறவை அல்ல. ஆனால் இவற்றில் கட்டணத்தைக் கட்டுபவர் கலைஞர். இசை நிறுவனம் அல்ல. திறமையைத் தேடிக்கொண்டிருப்பவர் தாம் தேடுவதற்காகத் தம் கைக்காசைச் செலவழிப்பார்; கோடம்பாக்கத்தில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது, ஒரு குரல் வேண்டும் என்றால் வண்டி அனுப்பிக் கூட்டிவருவார்கள். தேடப்படுபவரிடமே கட்டணம் வாங்கும் இடத்தில் விற்பனைப் பொருள் கேட்பவரின் நேரம் மட்டுமே, அதற்கு மேல் எதுவும் இல்லை. நேரத்தை விற்பதில் தவறும் இல்லை, நானும் விற்றிருக்கிறேன்.

அந்த நேரம் எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். குரூவரில் ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கட்டிய தொகை உங்கள் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்படும். சப்மிட்ஹப்பில் கட்டணம் கட்டி அனுப்பிய பாட்டை, கேட்பவர் குறைந்தது 20 நொடியாவது கேட்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் பத்துச் சொற்களாவது எழுத வேண்டும் என்ற விதிதான் நெடுங்காலம் இருந்தது. இந்த உத்தரவாதங்கள் எல்லாமே பதில் வரும் என்பதற்குத்தான். பாட்டை ஏற்பார்கள் என்பதற்கு எங்கும் உத்தரவாதம் இல்லை. அந்த 20 நொடிக்குள் உங்கள் பாட்டு எங்கே இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்துக் கானாவில் தாளம் இல்லாமல் தொகையறா எடுத்து, குரலை மேலே கொண்டுபோய் நிறுத்தி, அதன் பிறகுதான் டோலக்கும் டேப் மேளமும் விழும். கூட்டம் கை தட்டுவதே அந்த இடத்தில்தான். நீங்கள் இணைத்திருக்கும் முதல் பாட்டில் தொகையறாவே ஏறக்குறைய முக்கால் நிமிடம் ஓடுகிறது. பிரான்ஸின் லியோன் நகரில் உட்கார்ந்து வரிசையாகப் பாட்டுகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் தாளத்தைக் கேட்கும் முன்பே அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார். 'தொடக்கம் மெதுவாக இருக்கிறது' என்று எழுதியும் அனுப்பிவிடுவார். அந்தக் கருத்து உண்மைதான், ஆனால் அது அவர் கேட்கும் முறையைப் பற்றிய உண்மை. அதை நம்பித் தொகையறாவை வெட்டிவிட்டால் வியாசர்பாடி மேடையில் உங்கள் பாட்டுக்கு இருந்த பாதி உயிர் போய்விடும். வேண்டுமானால் அந்தத் தளத்துக்கென்று தாளத்தில் தொடங்கும் ஒரு சிறு வடிவத்தைத் தனியாகத் தயாரித்து அனுப்புங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

கருத்துச் சொல்பவரின் இருக்கையில் இருந்து பார்த்ததையும் எழுதுகிறேன். திரையில் பாட்டு வரும், கீழே ஒரு பெட்டி இருக்கும், எழுத்துகளின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பாட்டுக்குக் கிடைக்கும் தொகை மிகச் சிறியது என்பதால், கட்டுப்படியாக வேண்டுமென்றால் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அப்படிக் கேட்கும்போது எல்லோருக்கும் பொருந்தும் நான்கைந்து வாக்கியங்கள் தாமாகவே விரல் நுனிக்கு வந்துவிடும்: 'நல்ல வேகம் இருக்கிறது, மிக்ஸை இன்னும் மெருகேற்றலாம்', 'குரல் தனித்துவமாக உள்ளது, ஆனால் எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை'. இவற்றைப் படித்து நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. உருப்படியான கருத்தில் நேரக்குறிப்பு இருக்கும், எந்தக் கருவி என்று இருக்கும், என்ன செய்து பார்க்கலாம் என்றும் இருக்கும். '1:12இல் டோலக்கின் இடது பக்க அடியும் கிக் டிரம்மின் அடியும் ஒரே நேரத்தில் விழுந்து ஒன்றையொன்று மறைக்கின்றன. கிக்கின் 100 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்' என்று ஒருவர் எழுதினால், அவர் நிச்சயம் பாட்டைக் கேட்டிருக்கிறார். அது சரியா தவறா என்பதையும் நீங்களே ஐந்து நிமிடத்தில் சோதித்துக்கொள்ளலாம். இன்னொரு அடையாளமும் உண்டு. 'சத்தம் போதவில்லை, இன்னும் ஏற்றுங்கள்' என்பதையே பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்பவரை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் வழக்கமான அமைப்பில் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது என்பதால், கண்டபடி ஏற்றிய பாட்டு அங்கே இறக்கப்படும், நசுங்கியதுதான் மிச்சமாகும்.

காசிமேட்டில் இருந்து ஓர் இளைஞர் என்னிடம் கொண்டுவந்த பாட்டு ஒன்று இந்த விஷயத்தை நன்றாகக் காட்டும். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் அந்தப் பாட்டுக்கு அவர் வாங்கிய கருத்துகளில் இரண்டு பேர், தாள வாத்தியம் இரு காதுகளிலும் விரிந்து கேட்பதைப் புகழ்ந்திருந்தார்கள். அவர்கள் ஹெட்போனில் கேட்டவர்கள், சொன்னதும் பொய்யில்லை. அதே பாட்டைத் திருவிழா மேடையில் போட்டபோது டோலக் கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது. இணையத்தில் எடுத்த டோலக் லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டை, அகலமாக்குகிறேன் என்று ஒரு பக்கத்தின் அலையைத் தலைகீழாக்கி வைத்திருந்தார். மைக் செட்காரர் வழக்கம்போல இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி மோனோவில் அனுப்பியபோது இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்தன. ஆட்டோவில் வைத்திருக்கும் ஒற்றை ஸ்பீக்கரிலும், கைப்பேசியிலும் நடப்பது இதேதான். நம் ஊரில் பாட்டு எந்தப் பெட்டியில் ஒலிக்கும் என்று தெரிந்த ஒருவர், முதல் தடவையே மோனோ பொத்தானை அழுத்திக் கேட்டிருப்பார். காசு வாங்காமல் இதைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடியவர் உங்கள் தெரு முனையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். அவரிடம் ஒரு மதிய வேளையில் பென் டிரைவைக் கொடுத்துப் பாருங்கள்.

ஆகவே தொலைவில் இருப்பவரின் கருத்தில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்பதில் எனக்கென்று ஓர் அளவுகோல் உண்டு. இரைச்சல், குரல் உடைவது, கீழ் ஒலிகள் குழம்புவது, அறையின் எதிரொலி போன்றவற்றை உலகின் எந்த மூலையில் இருக்கும் தேர்ந்த காதும் சரியாகவே சொல்லும். இதில் எனக்கு ஐயமே இல்லை. பாட்டின் நீளம், எந்த இடத்தில் பல்லவி திரும்ப வர வேண்டும் என்பவற்றில் அவர்கள் சொல்வது பாதி உதவும், பாதி அவர்கள் ஊர் வழக்கம். குரலைப் பற்றியும் சொல்லைப் பற்றியும் சொல்வதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். தமிழ்ப் பாட்டில் குரல் இசைக்கு மேலே தூக்கலாக நிற்பது நம் காதின் பழக்கம். அதை 'குரல் அளவுக்கு மீறி முன்னால் இருக்கிறது' என்று குறையாக எழுதுவார்கள். கானாக்காரர் சுருதியை வேண்டுமென்றே வழுக்கிப் பிடிக்கும் இடத்தில், சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். மும்பையில் இருந்து வரும் கருத்துக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை; மெட்ராஸ் பாஷையின் நையாண்டி புரியாத ஒருவருக்கு உங்கள் இரண்டாவது பாட்டின் சரணம் வெறும் ஓசைதான்.

வாய்ப்பு எப்படி வருகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே எல்லோரும் அறிந்த உதாரணங்கள் இருக்கின்றன. புளியந்தோப்புப் பக்கத்தில் இருந்து வந்த கானா பாலா, 2012இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் முதல் படத்துக்குப் பிறகுதான் திரையுலகில் பரவலாக அறியப்பட்டார். அதற்கு முன்பே அவர் பல ஆண்டுகள் பாடிக்கொண்டிருந்தவர். அதே இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், இசையமைப்பாளர் டென்மாவுடன் சேர்ந்து பாடகர்களைத் தேடிப் பிடித்து உருவாக்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. அதில் பாடிய ராயபுரத்து இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். தேடியவர்கள் கானாக்காரர்களிடம் வந்தார்கள், பாடியவர்கள் ஏற்கெனவே மக்கள் முன் பாடிக்கொண்டிருந்தார்கள். இதை வைத்து மேடையில் பாடும் எல்லோருக்கும் வாய்ப்பு வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மேடையிலேயே காலம் கழிந்துபோன, இவர்களுக்குச் சற்றும் குறையாத குரல்களையும் எனக்குத் தெரியும். ஆனால் கட்டணக் கருத்தின் வழியே கானாவில் இருந்து மேலே வந்த ஒருவரை என் அனுபவத்தில் பார்த்ததில்லை.

இனி அந்த 3,500 ரூபாய்த் தளம். அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அது மோசடி என்று இங்கிருந்தபடி தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் 'பிரபல இசையமைப்பாளரின் குழுவில் இருப்பவர்' என்ற சொற்றொடரைக் கண்டாலே நான் பின்வாங்கிவிடுவேன். ஓர் இசையமைப்பாளரின் குழு என்பது கீபோர்டு புரோகிராமர், ரிதம் புரோகிராமர், சவுண்ட் இன்ஜினியர், ஒருங்கிணைப்பாளர் என்று பலர் சேர்ந்தது. அதில் என்ன வேலை செய்பவர் உங்கள் பாட்டைக் கேட்கப்போகிறார் என்பதைப் பெயரோடு சொல்லியாக வேண்டும். பெயரைச் சொன்னால் எந்தெந்தப் பாட்டில் அவர் பெயர் அச்சாகியிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம், அவருடைய சொந்தப் பக்கத்தில் இந்தத் தளத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா என்றும் பார்க்கலாம். பெயரைச் சொல்லாமல் பணத்தைத் தனி ஆளின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் சேவை விற்கும் நிறுவனம் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த விவரம் தளத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காசு ஆகாது. பணம் போய்விட்டால் மோசடிக்கு 1930, சேவைக் குறைபாட்டுக்கு 1915 என்ற எண்கள் உள்ளன. 1930க்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

நேர்மையான தளத்திலும் ஒரு பொறி உண்டு. கருத்துச் சொல்பவரே மிக்ஸிங்கும், அதற்குப் பின் பாட்டுக்கு இறுதி மெருகு தரும் மாஸ்டரிங்கும் விற்பவராக இருந்தால், அவர் கண்டுபிடிக்கும் குறைகள் எல்லாம் அவர் விற்கும் சேவையால் மட்டுமே தீரக்கூடியவையாக இருக்கும். என்னிடம் வருபவர்களிடமும் இதைச் சொல்லியே தொடங்குகிறேன், நானும் மிக்ஸிங் விற்பவன்தானே. அடுத்த கட்டமாக 'இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் உறுதி' என்ற பேச்சு வந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். ஒரு பாட்டு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் ராயல்டி கணக்கில் சேரும் என்று ஸ்பாட்டிஃபை 2024 முதல் வைத்திருக்கும் விதியைக் காட்டிப் பயமுறுத்தித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. போலிக் கேட்பு பிடிபட்டால் அபராதம், உங்கள் பாட்டைத் தளத்தில் ஏற்றித் தந்த விநியோக நிறுவனத்தின் தலையில் விழும். அவர்கள் உங்கள் பாட்டைத் தூக்கிவிட்டுக் கைகழுவிவிடுவார்கள். பிளேலிஸ்ட்டுக்கு முறையாக விண்ணப்பிக்க ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கிலேயே இலவச வழி இருக்கிறது. பாட்டு வெளிவருவதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை; குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் அனுப்புவது நல்லது.

திருடிவிடுவார்களோ என்ற உங்கள் அச்சத்துக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டு உருவான கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயம் இல்லை; சான்று வேண்டும் என்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் இசைப் படைப்புக்கு 500 ரூபாயும் ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாயும் கட்டணம். குரல், டோலக் என்று தனித்தனியாகப் பதிந்த ட்ராக்குகளை யாருக்கும் அனுப்பாதீர்கள், கேட்க மட்டும் முடிகிற இணைப்பைக் கொடுங்கள். தளத்தின் நிபந்தனைகளில் உங்கள் பாட்டைப் பயன்படுத்தவோ மாற்றவோ அவர்களுக்கு உரிமை தருவதாக ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உங்கள் மூன்றாவது பாட்டின் பீட், அதாவது பின்னணித் தாள இசை, யாரோ ஒருவருடையது என்று எழுதியிருக்கிறீர்கள். திருட்டு அச்சத்தைவிட முதலில் தீர்க்க வேண்டிய வில்லங்கம் அதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று தோன்றினால், 3,500 ரூபாயை ஒரே ஆளிடம் கொடுப்பதை விட்டு, 2 யூரோ தளத்தில் நான்கு பேருக்கு முதல் பாட்டை அனுப்புங்கள், தம்பி. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பார்க்காமல், தெருவில் பிறந்த தாள இசையை ஏற்கெனவே கேட்டுப் பகிர்ந்தவர்களாகப் பாருங்கள். நால்வருக்கும் ஒரே கேள்வியை எழுதுங்கள். இருவர் தனித்தனியாக ஒரே இடத்தைச் சுட்டினால் அந்த இடத்தில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது. அனுப்புவதற்கு முன், அந்த முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் குரல் உடையும் அந்த நான்கு வரியை மட்டும் மைக்கில் இருந்து ஒரு சாண் தள்ளி நின்று, உள்ளீட்டு அளவைக் குறைத்து, மீண்டும் பாடிப் பதிந்துவிடுங்கள். காசு கொடுத்து யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லப்போவது அதைத்தான். அதன் பிறகு அவர்களுக்கு எழுதும் செய்தியில் 'பாட்டு எப்படி இருக்கிறது' என்று கேட்காமல், 'தாளம் தொடங்கும் இடத்தில் குரலும் டோலக்கும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கின்றனவா, எந்த நொடியில் உங்கள் கவனம் விலகியது' என்று கேளுங்கள்.